பார்த்து எழுதியவன்

வேதியியல் துறையில் அவனை எல்லோரும் ‘ரோஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் அது வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். ரோஸ் என்றதும் பூப்போன்ற ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எந்தக் கதவில் நுழைந்தாலும் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்கிற உயரம், தோளிலிருந்து பாதி நழுவிய பை, எதைக் கேட்டாலும் சற்றுத் தாமதித்து வருகிற பதில். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்வதற்கு முன் அவன் அப்பாவைச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குப் பெயிண்ட் கடை. தரையிலிருந்து கூரை வரை டப்பாக்கள், நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் விசிறிபோல விரிகிற வண்ண அட்டைகள். வாடிக்கையாளர் அட்டையில் விரலை வைத்தால் அதே நிறத்தைக் கலக்கிக் கொடுத்துவிடுவார். அந்தக் கை தன் மகனுக்கும் வரும் என்று நம்பிப் பள்ளி விடுமுறையில் அவனைக் கடையில் நிறுத்தினார். அங்கே தொடங்கியது வினை. பல் டாக்டர் ஒருவர் தன் காத்திருப்பு அறைக்கு லேசான ரோஸ் கேட்டிருந்தார். இவன் கலக்கிக் கொடுத்தது சாம்பல். டாக்டர் வெளியூரில் இருந்தார். படித்தவர் ஏதோ காரணமாகத்தான் கேட்டிருப்பார் என்று பெயிண்டர் நான்கு சுவரையும் அடித்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நுழைந்தவர்களுக்கு நல்ல பல்லும் வலிக்க ஆரம்பித்தது.

“கவனம் எங்கடா இருக்கு உனக்கு? எந்த உலகத்துல இருக்கே?” என்று அப்பா கத்தினார்.

அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கவனமாகத்தான் கலக்கினான். அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துத்தான் கலக்கினான். தெருக்கோடியில் இருக்கிற பலகையின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிற கண். அதை யார் சந்தேகப்படுவார்கள்? ஆகவே வீட்டில் எல்லோரும் அவன் புத்தியைச் சந்தேகப்பட்டார்கள். நாளடைவில் அவனும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டான்.

இவனைக் கடையில் வைத்திருந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று அப்பாவுக்குப் புரிந்தது. கையால் கலக்கத் தெரியாதவனை முதலாளியாக்கிவிட்டால் போயிற்று என்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. உலகத்தில் பல முதலாளிகள் இப்படித்தான் உருவாகியிருக்கிறார்கள். பையன் வேதியியல் படிப்பான், சொந்தமாகப் பெயிண்ட் கம்பெனி தொடங்குவான், கலக்குகிற வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மகனைக் கேட்காமலே கல்லூரியில் சேர்த்துவிட்டார்.

விசித்திரம் என்னவென்றால், பையனுக்கு வேதியியல் பிடித்துப்போய்விட்டது. வகுப்பில் மற்றவர்கள் ‘மோல்’ என்றால் என்னவென்று தெரியாமல் முழி பிதுங்கிக்கொண்டிருந்தபோது இவன் சமன்பாடுகளைச் சமன் செய்து தள்ளினான். இந்தப் பக்கம் எத்தனை அணு போனதோ அந்தப் பக்கம் அத்தனை வர வேண்டும். ஒன்றும் தொலையாது, ஒன்றும் புதிதாக முளைக்காது. அந்த நியாயம் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாம் கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸில் இருந்தது. அவன் சொன்ன விடையை ஒருவர் ‘சரி’ என்று சொன்னது வாழ்க்கையிலேயே அங்கேதான். அன்று அவன் வீடு வரைக்கும் நடந்தே போனான், பஸ் ஏற வேண்டும் என்கிற நினைப்பே இல்லாமல்.

அதற்குப் பிறகுதான் லேப் வந்தது.

லேப் என்பது ஆசிட் தின்ற மேஜைகளும், மூட மறுக்கிற குழாய்களும், யாரோ பழைய காதலியின் பெயரைச் சுரண்டி வைத்திருக்கிற ஸ்டூல்களும் கொண்ட ஒரு நீளமான ஹால். அதை ஆண்டவர் ‘சரியா பத்து’ என்கிற வாத்தியார். பெயரைக் கேட்டு நேரம் தவறாத மனிதர் என்று நினைக்க வேண்டாம். அவர் வருவது எப்போதும் பத்தரைக்கு மேல்தான். டைட்ரேஷன் என்று ஒரு சோதனை உண்டு. குடுவையில் அமிலம், அதில் நிறம் காட்டுகிற இண்டிகேட்டர் இரண்டு சொட்டு. மேலே பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயில் காரம். குழாயின் திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் முழுக்கத் தீர்ந்த கணத்தில் குடுவை லேசான ரோஸ் நிறமாகும். உடனே நிறுத்தி, எவ்வளவு காரம் இறங்கியது என்று பார்த்து எண்ணைக் கரும்பலகையில் எழுத வேண்டும். இந்த வாத்தியார் வேலையில் சேர்ந்த காலம் முதல் ஒரே அளவில் கலக்கி வைத்ததால் விடை எப்போதும் பத்து மில்லிதான். பலகையில் பத்துக்குப் பக்கத்தில் எழுதியவனுக்கு டிக். வேறு எதையாவது எழுதியவனுக்கு “இன்னொரு தடவை பண்ணு.” மூதாதையர் சொத்தைப்போல அந்தப் பத்து சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்குக் கைமாறி வந்தது.

ரோஸுக்கு அண்ணன் அக்கா கிடையாது, சீனியர் சிநேகிதமும் கிடையாது. ஆகவே முதல் நாள் அவனுக்கு அந்தச் சொத்து வந்து சேரவில்லை.

“லேசா ரோஸ் வந்ததும் நிறுத்திடணும். லேசா! புரியுதா?” என்றார் சரியா பத்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே.

அவன் திருகைத் திறந்தான். குடுவையைக் குலுக்கினான். பார்த்தான். மறுபடி குலுக்கினான். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் முடித்து எழுந்துபோனார்கள். அவன் விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தான், பியூரெட் காலியாகும் வரை. கடைசியில் குடுவையில் இருந்தது கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. குடுவையின் கண்ணாடி அழுக்கு என்று நினைத்துக்கொண்டான். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது.

“டேய், இங்க வந்து பாருங்கடா! கல்யாணப் பொண்ணுக்குப் புடவையே சாயம் போடலாம்!”

அன்றிலிருந்து அவன் ரோஸ். பியூரெட்டையே காலி செய்ததற்குத்தான் கேலி என்று அவன் எடுத்துக்கொண்டான்; மற்றவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிடுவது நல்லது என்று பெயிண்ட் கடையிலேயே கற்றிருந்தான்.

அடுத்த முறை புத்திசாலித்தனமாகப் பக்கத்து மேஜையைப் பார்த்தான். அங்கே ‘முதல் மார்க்’ நின்றாள். வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள், அதனால் அந்தப் பெயர். அவள் பலகைக்குப் போய்ப் பத்து என்று எழுதிவிட்டு வந்து, பிறகுதான் திருகைத் திறந்தாள். பத்துக் கோட்டுக்கு வந்ததும் மூடிவிட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“கலர் வந்துச்சா?” என்று கேட்டான்.

“வரும் வரும். நீ பத்தைப் போடு.”

“இல்ல, ரோஸ் வரணும்னு சொன்னாரே…”

“ஐயோ, சொல்லத்தான் செய்வாங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. ‘லேசான ரோஸ் நிறம் தோன்றியது’ன்னு எழுதிட்டுப் போய்க்கிட்டே இரு.”

ரோஸின் வாழ்க்கையில் விழுந்த மிகப் பெரிய வெளிச்சம் அது, தப்பான திசையிலிருந்து வந்தாலும். ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்தான். பத்து என்பது பொய். எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் ஒத்து ஊதுகிற பொய். அப்படியானால் ரோஸும் பொய்தான். விருந்துக்குப் போன வீட்டில் ‘வீடு ரொம்ப அழகா இருக்கு’ என்று சொல்கிறோமே, அதுபோல ஒரு மரியாதை. ஒரு காலத்தில் ஏதோ ஒரு விஞ்ஞானி ரோஸ் வந்தது என்று எழுதிவிட்டார், அவரை எதிர்த்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கண்ணால் கண்டது அதுதான். அந்த லேபில் குடுவையை யாராவது உற்றுப் பார்ப்பதை அவன் கண்டிருந்தால் அல்லவா வேறு மாதிரி நினைத்திருப்பான்?

அதற்குப் பிறகு அவன் பிழைத்துக்கொண்டான். தீயில் உப்பைக் காட்டுகிற சோதனையில் கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் இளம்பச்சை என்று புத்தகம் சொன்னதை மனப்பாடமாக எழுதினான். தீயில் அவன் பார்த்தது தீயை மட்டும்தான். டைட்ரேஷனில் எப்போதும் பத்து எழுதினால் சந்தேகம் வரும் என்று ஒரு நாள் கொஞ்சம் குறைத்து, ஒரு நாள் கொஞ்சம் கூட்டி எழுதினான். சரியா பத்து ஒரு நாள் அவனை எழுப்பி நிறுத்தி, “ஆரம்பத்துல சாயப் பட்டறை நடத்தினவன் இப்போ பாருங்க. கை எவ்வளவு சுத்தம்!” என்று பாராட்டினார். வகுப்பு கை தட்டியது.

ஆண்டு முடிவில் செய்முறைத் தேர்வு வந்தது. அதில் தேறாவிட்டால் எழுத்துத் தேர்வில் என்ன வாங்கியிருந்தாலும் இரண்டாம் ஆண்டுக்குள் கால் வைக்க முடியாது. ரோஸுக்கு அந்த இரண்டாம் ஆண்டு வேண்டும். அப்பாவின் கம்பெனிக்காக இல்லை. திரும்பிப் போனால் அந்த வண்ண அட்டை மேஜைக்குப் பின்னால் நிற்க வேண்டும்; என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே தினமும் திட்டு வாங்க வேண்டும். ஆனாலும் பத்து கையில் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் போனான்.

வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்தவரை மாணவர்கள் ‘எக்ஸ்டர்னல் மேடம்’ என்றார்கள். குள்ளமான, சிரிக்காத மனுஷி. அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு அக்கிரமம் செய்திருந்தார். காலையிலேயே வந்து அமிலத்தைத் தன் கையால் கலக்கியிருந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வலுவாக.

மேஜைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவர் ரோஸிடம் வந்து நின்றார். அவன் அப்போதுதான் பத்தில் நிறுத்தி, பேனாவை எடுத்திருந்தான்.

“ஏம்பா நிறுத்திட்டே?”

“கலர் வந்துடுச்சு மேடம்.”

“எங்க வந்துச்சு?”

அவன் குடுவையைக் காட்டினான். “லேசா.”

“லேசாகூட இல்லப்பா. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு.”

அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனுஷி, இந்த மரியாதைகூடத் தெரியாதா? “என்ன மேடம், என்னை மட்டும் கேக்கறீங்க? எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கு?” என்று கையை வீசி ஹாலைக் காட்டினான்.

மேடம் திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாகக் குடுவைகள். எல்லாம் பச்சத் தண்ணி. எல்லோரும் பத்தில் நிறுத்திவிட்டு, லேசான ரோஸ் நிறம் தோன்றியது என்று மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். துறையின் சாயம் வெளுத்துவிட்டது. சரியா பத்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வெளியே ஒரு மரத்தை ஆராய்ச்சி செய்தார்.

மேடம் மறுபடி ரோஸின் பக்கம் திரும்பினார். ரோஸின் பியூரெட்டைத் தானே திறந்து காரத்தை ஓடவிட்டார். “இப்ப சொல்லு. என்ன தெரியுது?”

“அப்படியேதான் மேடம் இருக்கு.”

ஹால் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேடத்தின் முகத்தையும், முதல் மார்க்கின் திறந்த வாயையும், பின்வரிசையில் எழுந்து நின்றவர்களையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். அந்த முகங்களில்தான் அவன் முதன்முதலாக அந்த நிறத்தைப் பார்த்தான். ரோஸ் உண்மையிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் தெரிகிறது. தனக்கு மட்டும் தெரியவில்லை. அவன் காது சுட்டது, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“உனக்குச் சிவப்பு, பச்சை எல்லாம் பிரிச்சுத் தெரியாதாப்பா? இதுவரைக்கும் யாருமே சொல்லலையா?” என்று மேடம் தணிந்த குரலில் கேட்டார்.

“கவனம் இல்லன்னு சொன்னாங்க மேடம்.”

அவர் குடுவையைக் கழுவி அவன் முன்னால் வைத்தார். பிறகு, “கலர் தெரியலன்னா என்ன? கை இருக்கு, கணக்கு இருக்கு. பார்த்துச் சொல்ல ஒருத்தர் இருந்தாப் போதும். புதுசா ஆரம்பி,” என்று சொல்லி, முதல் மார்க்கை அழைத்தார். “நீ வாம்மா. இவன் சொட்டு விடுவான். கலர் வந்ததும் நிறுத்தச் சொல்லு.”

அவன் திருகைத் திறந்தான். முதல் மார்க் கண்ணை இமைக்காமல் நின்றாள். சொட்டுகள் விழுந்தன.

“நிறுத்து! வந்துடுச்சு!”

மேடம் குனிந்து குடுவையைப் பார்த்தார். பச்சத் தண்ணி. பியூரெட்டைப் பார்த்தார். பத்து.

“நீ எதைப் பார்த்துச் சொன்னே?”

முதல் மார்க் விழித்தாள். “பியூரெட்டை மேடம்,” என்றாள். ஒரு வருஷமாக அவள் கண் அங்கேயே பழகியிருந்தது. குடுவையில் நிறம் மாறுவதை அவளும் அன்றைக்கு, சற்று முன்னால்தான் முதன்முதலாகப் பார்த்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கெட்டவள் இல்லை, பாவம். கேட்டதைக் கொடுக்கிற பிள்ளை.

கடைசியில் மேடமே குனிந்து நின்று பார்த்து, நிறுத்தச் சொன்னார். பதின்மூன்றைத் தாண்டியிருந்தது. ரோஸ் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டான். விடை மேடம் காலையில் கலக்கிய அளவோடு பொருந்தி வந்தது. குடுவையிலிருந்து வந்த எண் அந்த ஹாலில் அது ஒன்றுதான். மற்ற எல்லோருக்கும் அளவீட்டுக்கு முட்டை போட்டுவிட்டு மேடம் வண்டி ஏறினார்.

மறுநாள் கண் டாக்டர் புள்ளிப் படங்களைக் காட்டி, நிறக்குருடு என்று உறுதி செய்தார். பிறவியிலேயே உள்ளது, பெரும்பாலும் அம்மா வழியில் வரும் என்றார். வீட்டில் அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டாள். மாமா தையல்காரர். பச்சைச் சட்டைக்குப் பழுப்பு நூல் போட்டுத் தைப்பார். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள், சிலர் புது மோஸ்தர் என்று இன்னொன்று தைக்கக் கொடுப்பார்கள். ‘துணிச்சல் டெய்லர்’ என்று தெருவில் பெயர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மாமா தன் சட்டை நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ எனக்கு ரசனை இல்லாததால இல்லையா அக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அப்பா வண்ண அட்டையை விரித்து மகனிடம் ஒவ்வொன்றாகக் காட்டினார். மகன் சொன்ன பெயர்களைக் கேட்கக் கேட்க அவர் முகம் தொங்கிப்போனது. பல் டாக்டர் விஷயம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்று கத்தியதோடு நிற்காமல் அவனை அடித்துமிருந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் என்ன செய்வார்? அம்மா பக்கம் திரும்பி, “உங்க வீட்டுச் சொத்து! வேற எதையும் கொடுக்கல, இதைக் கொடுத்திருக்காங்க!” என்று கத்தினார். ரோஸுக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. நான் கவனமில்லாதவன் இல்லை, நான் கவனமில்லாதவன் இல்லை என்று அவனுக்குள் ஒன்று குதித்துக்கொண்டிருந்தது.

கல்லூரியில் வேறு விதமான குதிப்பு. ஒரு வகுப்பு முழுவதும் தோற்றால் துறையின் மானம் கப்பலேறிவிடும். ஆகவே பூசி மெழுகுகிற வேலை நடந்தது. மாணவன் ஒருவன் தேர்வு ஹாலில் சத்தமாகப் பேசி மற்றவர்களின் கவனத்தைக் கலைத்ததால் அந்தத் தேர்வு செல்லாது, மற்றவர்களுக்கு மறுதேர்வு என்று அறிவித்தார்கள். மறுதேர்வில் அமிலத்தைச் சரியா பத்து கலக்கினார். எல்லோரும் தேறினார்கள். ரோஸை மட்டும் துறைத் தலைவர் தன் அறைக்கு அழைத்து ஒரு தாளை நீட்டினார். அவன்மீது குற்றச்சாட்டு: தேர்வில் பிறர் உதவியுடன் பார்த்து எழுதினான்.

ரோஸ் அதை இரண்டு தடவை படித்தான்.

“சார், எனக்குப் பார்க்கவே தெரியாதுன்னுதானே சார் சொன்னேன்?”

“அதான் அடுத்தவங்களைப் பார்க்க வச்சிருக்கியே. அதுக்குப் பேரு என்ன?”

“மத்தவங்க எல்லாம் கலரே பார்க்காம எழுதினாங்களே சார்.”

“அவங்க யாரையும் பார்த்து எழுதலையே,” என்றார் தலைவர், மிகவும் நியாயமாக.

தண்டனை, முதலாண்டு லேபை ஜூனியர்களோடு மறுபடி முடிக்க வேண்டும். அதிலும் தோற்றால் வெளியே போக வேண்டியதுதான். தலைவர் கையெழுத்துக்குக் காத்திருந்தார். அவன் அழுதுவிடுவான் என்று தலைவர் நினைத்தார்; அவனும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“சரி சார், போடறேன். ஆனா கலர் பார்த்துச் சொல்ல எனக்கு ஆள் வேணும். இல்லன்னா அடுத்த வருஷமும் நான் எக்ஸ்டர்னல் மேடத்தைத்தான் கேக்கணும்.”

மேடம் என்றதும் தலைவருக்கு வியர்த்தது. இவனை வெளியே அனுப்பினால் போதும் என்று அவசரமாக எழுதிக் கொடுத்தார்: இந்த மாணவனுக்கு ஒவ்வொரு சோதனையிலும் நிற மாற்றத்தை லேப் பொறுப்பாசிரியரே நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புது வகுப்பு தொடங்கியது. புதுப் பிள்ளைகளுக்குச் சீனியர்களின் பத்து ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. சரியா பத்து வழக்கம்போல, லேசா ரோஸ் வந்ததும் நிறுத்திடணும் என்று சொல்லிவிட்டு நாற்காலியை நோக்கிப் போனார்.

“சார்,” என்றான் ரோஸ். கையில் அந்தத் தாள் இருந்தது.

அவர் வந்தார். குனிந்து நின்றார். அவன் சொட்டு விட்டான். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். புதுப் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வாத்தியாரின் முதுகு வலித்தது. கண்ணாடி மூக்கில் வழுக்கியது. செல்போன் பாக்கெட்டில் அடித்து ஓய்ந்தது.

“டேய் தம்பி,” என்றார் கடைசியில், யாருக்கும் கேட்காதபடி. “உனக்குத்தான் விடை தெரியுமே. ஒரு பத்தைப் போட்டுட்டுப் போயேன்.”

“எனக்குத்தான் சார் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? பாருங்க.”

அவர் பார்த்தார்.